வேட்பாளர் நோட்டீஸில் எட்டு வாக்குறுதி: எதைக் கேட்கலாம்?

கடைமடைக்காரன் (தலைஞாயிறு பக்கம்):
எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவர் தெருவுக்கு வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். காவிரி நீரைப் பெற்றுத் தருவேன், நெல்லுக்குக் கூடுதல் விலை, கடைமடை வரை தண்ணீர், பாலிடெக்னிக், புறவழிச்சாலை என்று எட்டு வாக்குறுதி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து டீக்கடை முன்னால் பேசப்போகிறாராம். கூட்டத்தில் ஒரு கேள்விக்கு மேல் வாய்க்காது. எதைக் கேட்கலாம்? எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள். கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று, அதற்கு மேலாண்மை ஆணையம் இருக்கிறது. அங்கே எம்.எல்.ஏ.வுக்கு என்ன வேலை? ஆதார விலையும் டெல்லி வைப்பதுதான், மாநிலம் அதன் மேல் ஊக்கத்தொகை சேர்க்கும், அவ்வளவே.

கொள்முதல் நிலையத்தைக் கேளுங்கள். குறுவை அறுக்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நிலையத்தில் நெல்லை எடுப்பார்கள். போன வருஷம் நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்தோம். வெயில் வந்தால் பரப்புவது, தூறினால் வாரித் தார்ப்பாய் போடுவது. இரண்டு நாள் மூடிக் கிடந்ததைப் பிரித்தால் அடி நெல் கையில் சுட்டது, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக முளை. மீட்டரில் 21 காட்டியது. தளர்வு கேட்டு மாநிலம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போய், உத்தரவு வரும்வரை யார் காத்திருப்பது? வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டேன். (நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கறப்பது தனிக் கதை, அதை ஆரம்பித்தால் இன்று முடியாது.)

ஈர நெல்லைக் காயவைக்க இடம் கொடுப்பது எம்.எல்.ஏ.வால் ஆகிற காரியம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி இருக்கிறதே. உலர்களமும் மேற்கூரையும் எந்த ஊரில், எந்தப் புறம்போக்கில், எந்த வருஷம் என்று கேளுங்கள். ‘ஆவன செய்யப்படும்’ என்றால் விடாதீர்கள்.

டி வாய்க்கால்:
களம் சரி. ஆனால் கேட்பவர் கடைமடைக்காரர், தண்ணீர் வந்தால்தானே காயவைக்க நெல்? ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் பூத் தூவுகிற படம் வந்துவிடும். பெரிய ஆறுகளை மிஷின் விட்டுத் தூர்வாரிவிடுகிறார்கள். வயலுக்குப் பிரிகிற சி, டி வாய்க்காலில் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் அப்படியே கிடக்கும். தண்ணீர் வரும் நேரத்தில் மேலாக வழித்துவிட்டு வேலை முடிந்ததாக எழுதிக்கொள்கிறார்கள். வேலையை ஏப்ரலிலேயே ஆரம்பிக்க வைப்பாரா என்று கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
அதுவும் நியாயம்தான். ஆனால் அதற்கு அவர் நீர்வளம், வேளாண்மை என்று நாலு ஆபீஸ் ஏறணும், நழுவ வழி இருக்கிறது. களத்துக்குச் சாக்கே சொல்ல முடியாது.

கடைமடைக்காரன்:
சரி, களத்தையே கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேடான புறம்போக்கு ஒன்று இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் சர்வே நம்பர் வாங்கித் துண்டுச்சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். வாய்க்காலுக்கு என் மச்சானைத் தயார் பண்ணுகிறேன், மைக் இல்லாமலே அவன் குரல் கேட்கும்.