ஓரியின் இரண்டாம் பாகம்: உறுத்துவது எனக்கு மட்டும்தானா?

மின்மினி:
'ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்' (2020) என்ற வீடியோ கேம் ஆட்டத்தை நேற்றிரவு முடித்தேன். முதல் பாகத்தை (2015) நான்கு முறை முடித்தவள் நான். ஓட்டமும் தாவலும் இந்த முறை அவ்வளவு சுகம். மணலைத் துளைத்துக்கொண்டு போய் மறுபக்கம் அம்பாய்ப் பாயும் இடத்தில், ஒரு தேவையும் இல்லாமல் பத்துத் தடவை பாய்ந்து பார்த்தேன்.

ஆனால் சேமிப்பு, அதாவது செத்தால் எங்கிருந்து தொடர்வது என்று குறித்துவைப்பது! முதல் பாகத்தில் எங்கே சேமிப்பது என்பதை நாமே முடிவு செய்தோம். அதற்கு ஆற்றல் செலவாகும். எதிரி பக்கத்தில் இருந்தால் முடியாது. முட்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, இப்போதே சேமிப்பதா, இன்னும் நாலடி போய்ப் பார்ப்பதா என்று தவிப்பேன். மறந்துபோய் இருபது நிமிட உழைப்பைத் தொலைத்ததும் உண்டு. இப்போது ஆட்டமே சேமித்துக்கொள்கிறது. செத்தால் சற்றுப் பின்னால் எழுந்து நிற்கிறேன். பயமே வரவில்லை. இது வளர்ச்சியா, இழப்பா?

கல்தச்சன்:
வளர்ச்சிதான். அந்தத் தவிப்பு எனக்கு வெறும் எரிச்சல். முதல் பாகத்தில், கின்சோ மரத்துக்குள் வெள்ளம் துரத்தும் கட்டம் நினைவிருக்கிறதா? நடுவில் சேமிக்க வழியில்லை. எத்தனை முறை அடியிலிருந்து ஏறினேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. சண்டையையும் சேர்த்துப் பாருங்கள். அன்று பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும், ஓரிக்குத் துணையாய் வரும் ஒளி, செயின், அதன் பொறிகள் தாமாகவே எதிரியைத் தேடிப் போகும். இன்று வாள் இருக்கிறது, வில் இருக்கிறது. மோரா என்ற அந்தச் சிலந்தியிடம் தட்டிப் பிழைக்க முடியுமா?

மின்மினி:
சண்டையில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறன்களுக்கு மூன்றே பொத்தான்கள். வாள், வில், உயிர் மீட்பு என்று மூன்றும் நிரம்பிவிடுகின்றன. பனிமலையில் விளக்கேற்ற ஒளியுருண்டை வேண்டுமென்றால் ஒன்றைக் கழற்றியாக வேண்டும். ஏற்றிய கையோடு மறுபடி மாட்ட வேண்டும். தாவும் வேகத்தில் இருப்பவளை நிறுத்திப் பட்டியலைத் திறக்கச் சொல்வது கொடுமை.

நிழல்மரம்:
பயம்தான் வேண்டுமென்றால், முதல் பாகத்தின் 2016 பதிப்பில் ஒரே உயிரோடு ஆடும் நிலை இருக்கிறது. போய்ச் சாகுங்கள். (அன்போடுதான் சொல்கிறேன்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிய பாகத்தில் அம்பு எய்யவும் ஆற்றல் வேண்டும், உயிரை மீட்கவும் ஆற்றல் வேண்டும். சேமிப்பும் அதே பையில் கைவைத்தால் எவராவது வில்லைத் தொடுவார்களா? அடுத்த சேமிப்புக்கென்று ஆற்றலைப் பதுக்கிவைத்து, கடைசிவரை வாளையே வீசிக்கொண்டிருப்போம். வில்லைக் கொடுத்ததால்தான் சேமிப்பைப் பறித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

மின்மினி:
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. யோசித்தால், முதல் பாகத்தில் நான் ஆற்றலைச் செலவழித்து அடித்ததே அபூர்வம். எல்லாம் சேமிப்புக்கே போனது. சரி, வில்லுக்காக விட்டுக்கொடுக்கிறேன். அந்த மூன்று பொத்தான்களை மட்டும் மன்னிக்கமாட்டேன்.