தாடை வலிக்கு ஊசி: போட்டது மருந்தா, உப்புத்தண்ணியா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

தாடை வலின்னா எல்லாரும் பல்லைத்தான் பாப்பாங்க. எனக்கும் ரூட் கெனால் வரைக்கும் பேச்சு போச்சு. எக்ஸ்ரேயில பல்லுல ஒண்ணுமில்ல. பல்லை இறுக்கிக் கடிச்சிக்கிட்டு, காதுக்குக் கீழ கன்னத்துல கை வெச்சுப் பாருங்க. திரண்டு வருமே ஒரு சதை, மாசெட்டர்னு பேரு, வலி அங்கதான். காலையில வாய் ரெண்டு விரல் அகலம்கூடத் திறக்காது.

பெங்களூர்ல ஒரு பல் மருத்துவக் கல்லூரியில இதுக்கு போடாக்ஸ் ஊசியைச் சோதிச்சுப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சு சேந்தேன். நரம்பு தசையை இறுகச் சொல்லி அனுப்புற அசிட்டைல்கோலினை அந்த மருந்து தடுத்துடும். சில நாள்ல வேலை ஆரம்பிச்சு, மூணு நாலு மாசத்துல தானா விட்டுப்போகும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சலைன், அதாவது உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு போடுற டாக்டருக்கே தெரியாது. படிவத்தைத் தமிழ்ல கொடுத்து, எப்ப வேணும்னாலும் விலகலாம்னு வாசிச்சும் காட்டினாங்க. ஆய்வோட பதிவு எண்ணும் அதுல இருந்துச்சு. நம்ம நாட்டுல 2009லேர்ந்து இந்த மாதிரி ஆய்வைப் பதிவு பண்ணியே ஆகணும். எண் இல்லேன்னா கையெழுத்துப் போடாதீங்க.

ஊசி மெல்லிசுதான், கன்னத்துல சில இடம், நெத்திப்பொட்டுல சில இடம். அப்புறம் முறுக்கைக் கடிச்சா உடைய மாட்டேங்குது! சிரிச்சா ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். அசல் மருந்துதான் நம்மளுக்கு விழுந்திருக்குன்னு அப்பவே புரிஞ்சிபோச்சு. யாருக்கு எந்த ஊசின்னு ரகசியம் காக்கறதுன்னு சொல்றாங்களே, அது இங்க தாடையிலயே உடைஞ்சுடுது. நல்லவேளை நம்ம ஊர்ல களி இருக்கு. உருட்டிக் குழம்புல தோச்சு முழுங்கினா போதும், களியை யாரு மெல்றாங்க? வலி பாதிக்கு மேல குறைஞ்சுது. மருந்து விட்டதும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கு.

பாலக்கோட்டிலிருந்து:

அண்ணா, நானும் அதே ஆய்வுலதான் இருந்தேன். எனக்கும் நல்லாக் குறைஞ்சுது. முடிஞ்சப்புறம் சொன்னாங்க, எனக்குப் போட்டது சலைனாம். வீட்டுக்காரர் உடனே "அப்ப இத்தனை நாள் வலிச்சது பொய்யா?"ன்னாரு. கோவம் வந்துச்சு. நான் போய்ச் சேந்தப்ப வலி உச்சத்துல இருந்துச்சு, இந்த வலி ஏறும், இறங்கும். எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கூடவே உதடு சேரணும், பல்லு சேரக் கூடாதுன்னு பழக்கிவிட்டாங்க. பகல்ல தையல் மிஷின்ல உக்காந்து எவ்வளவு பல்லைக் கடிக்கிறேன்னு அப்பதான் கவனிச்சேன். அடிக்கடி போன் பண்ணி எப்படி இருக்குன்னு கேக்கவும் ஆள் இருந்துச்சு. அதுவும் மருந்துதான்னு என் எண்ணம்.

ஓசூரிலிருந்து:

நான் ஆய்வுக்குப் போகல, காசு கொடுத்தே போட்டுக்கிட்டேன். நாலாவது மாசம் வலி திரும்பிடுச்சு. மறுபடி போடலாமான்னு கேட்டேன். திரும்பத் திரும்பப் போட்டா தசை மெலியும், தாடை எலும்பு தேயலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது, முதல்ல நைட் கார்டும் (ராத்திரி பல்லுல மாட்டிக்கிற உறை) பிசியோவும் பாப்போம்னாரு டாக்டர். அமெரிக்காவுல நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010லயே இந்த ஊசிக்கு அனுமதி கொடுத்திருக்காங்க, தாடைத் தசை வலிக்கு இன்னும் இல்ல. அதை யாரும் முன்னாடியே எனக்குச் சொல்லல. கர்ப்பமா இருந்தாலோ, மயஸ்தீனியா மாதிரி தசை பலவீன நோய் இருந்தாலோ மறைக்காம சொல்லிடுங்க.

ஒரு சந்தேகம்: சலைன் போட்டவங்களுக்குக் கடைசியில அசல் மருந்து கொடுத்தாங்களா?

பாலக்கோட்டிலிருந்து:

கேட்டாங்க. இப்பத்தான் வலி இல்லையே, வேண்டாம்னுட்டேன்.