கலைச்சொல் விவாதம்: ‘ரெலிகேஷன்’ என்பது தரமிறக்கமா, பிரிவிறக்கமா, அடுக்கிறக்கமா?

வினா

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். விளையாட்டுச் செய்தி ஒன்றை மொழிபெயர்க்கும்போது ஒரே சொல்லிடம் மீண்டும் மீண்டும் இடறிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீகில் 20 கழகங்கள் ஆடுகின்றன. பருவ முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை அடுத்த நிலையான சாம்பியன்ஷிப்புக்குப் போய்விட, அங்கிருந்து மூன்று கழகங்கள் மேலே வருகின்றன. கீழே போவதை ஆங்கிலத்தில் ரெலிகேஷன் என்கிறார்கள். என் கையில் உள்ள செய்தி, அந்தக் கடைசி மூன்று இடங்களை ஒட்டித் தத்தளிக்கும் ஒரு கழகத்தையும், அது புதிதாக அமர்த்தியிருக்கும் மேலாளரின் ஒப்பந்தத்தையும் பற்றியது. அச்சம், போராட்டம், ஒப்பந்தக் கூறு, ஊக்கத்தொகை என்று பலவற்றோடும் அச்சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘தரமிறக்கம்’ என்று தொடங்கினேன். நடுவில் ‘கீழிறக்கம்’ ஆயிற்று. இறுதிப் பத்தியில் பார்த்தால் ‘பிரிவிறக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது? ஒலிபெயர்த்து எழுதிவிடுவதே மேல் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மறுமொழி

அன்புள்ள நண்பருக்கு,

ஒலிபெயர்ப்பை முதலில் விலக்கிவிடுகிறேன். தனித்தமிழ்ப் பற்றினால் அன்று, அச்சொல் மொழிக்கு மொழி பொருள் மாறுவதால். ஜெர்மானியர்களிடமும் இதே சொல் இருக்கிறது, ஆனால் அவர்கள் அதனால் குறிப்பது கீழே போவதை அன்று. 18 கழகங்கள் ஆடும் அவர்களுடைய முதல்நிலைத் தொடரான புண்டெஸ்லிகாவில் கடைசி இரண்டு நேராகக் கீழே போகும். 16ஆம் இடத்தில் நிற்பது, இரண்டாம் நிலையில் மூன்றாவதாக வந்த கழகத்தோடு இரண்டு ஆட்டங்கள் ஆடித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டங்களுக்குத்தான் ஜெர்மன் மொழியில் ரெலிகேஷன் என்று பெயர். ஹம்பர்க் கழகம் 2014இலும் 2015இலும் அவற்றை ஆடித் தப்பியது. 2018இல் 17ஆவதாக முடித்து, அவற்றை ஆடாமலே கீழே போனது. ஆக, ஜெர்மன் கணக்கில் அக்கழகத்தைக் காப்பாற்றியது ரெலிகேஷன், ஆங்கிலக் கணக்கில் அதை வீழ்த்தியதும் ரெலிகேஷன். இரு மொழிச் செய்திகளையும் தமிழாக்குகிறவர் ஒலிபெயர்ப்பை நம்பினால் நேர்மாறாக எழுதிவிடுவார்.

‘தரமிறக்கம்’ பழகிய சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒரு நாட்டின் மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதைவிட முக்கியமான குறை, கழகத்தின் தரம் குறைந்தது என்று அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நடந்தது இட மாற்றம் மட்டுமே. 2002–03 பருவத்தில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கழகம் 42 புள்ளிகள் எடுத்தும் கீழே போனது. அதைவிடக் குறைந்த புள்ளிகளோடு நீடித்த கழகங்கள் வேறு பருவங்களில் உண்டு. அர்ஜென்டினாவில் மூன்று பருவங்களின் சராசரியைப் பார்த்தார்கள். அந்தப் பழைய கணக்கு இழுத்ததால்தான் 2011இல் ரிவர் பிளேட் போன்ற பெருங்கழகம் இரண்டாம் நிலைக் கழகமான பெல்கிரானோவிடம் ஈராட்ட மோதலில் தோற்று இறங்கியது. இவற்றையெல்லாம் தரம் என்ற ஒரே அளவுகோலால் அளந்து பேசுவது பொருந்தாது.

‘தாழ்த்தப்பட்ட அணி’ என்று எழுதுவோரையும் பார்த்திருக்கிறேன். அச்சொற்றொடர் தமிழில் சுமக்கும் வரலாற்றை நினைத்தால் அதைப் பந்தாட்டத்துக்குக் கொண்டுவரக் கை வரக்கூடாது. ‘வெளியேற்றம்’ என்பது தோற்றவர் விலகும் கோப்பைப் போட்டிகளுக்கு உரியது. இங்கே கழகம் எங்கும் வெளியேறுவதில்லை, அடுத்த ஆண்டும் ஆடுகிறது. ‘கீழிறக்கம்’ தவறில்லை, ஆனால் இறக்கம் என்றாலே கீழ்தானே.

மிஞ்சுவது ‘பிரிவிறக்கம்’. டிவிஷன் என்பதற்குப் பிரிவு என்பது நேரான சொல் என்பதால் நானும் சில காலம் இதன் பக்கம் நின்றேன். தங்கள் செய்தியில் வரும் ஒப்பந்தம்தான் என்னை மாற்றியது. ஒப்பந்தங்களிலும் சட்டங்களிலும் தனித்தனி விதியைப் ‘பிரிவு’ என்கிறோம். கழகம் கீழே போனால் ஊதியம் குறையும் என்றோ, மேலாளரோ ஆட்டக்காரரோ விலகிக்கொள்ளலாம் என்றோ சொல்லும் விதியை அப்போது ‘பிரிவிறக்கப் பிரிவு’ என்று எழுத வேண்டியிருக்கும். அந்தப் பிரிவின்படி மேலாளர் விலகினால், அது பிரிவிறக்கப் பிரிவின் வழி நேர்ந்த பிரிவு! ஒரு கலைச்சொல்லைத் தனியே நிறுத்தி அழகு பார்ப்பதைவிட, அது அதிகம் புழங்கும் ஆவணத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

என் பரிந்துரை ‘அடுக்கிறக்கம்’. மேலே வருவது ‘அடுக்கேற்றம்’. போட்டி நிலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருப்பதை அடுக்கு என்ற சொல் அப்படியே காட்டிவிடுகிறது. முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று எண்ணவும் வசதி. வெறுமனே ‘இறங்கியது’ என்று விடக்கூடாது. நம் விளையாட்டுத் தமிழில் இறங்குவது என்றால் களமிறங்குவது. ‘புதிய மேலாளரோடு இறங்கும் அணி’ என்று தலைப்பிட்டால், அணி ஆட வருகிறது என்றே வாசகர் கொள்வார்.

இந்தச் சொல்லில் நான் மிகவும் விரும்புவது வினைவடிவம். தன்வினையும் பிறவினையுமாக ‘இறங்கு’, ‘இறக்கு’ என்ற இணை நமக்கு இருக்கிறது; ரெலிகேஷனுக்கான ஆங்கில வினைக்கு அது இல்லை. பட்டியலில் கடைசியில் முடித்த கழகத்தைப் பற்றியும், தண்டனையாகக் கீழே அனுப்பப்பட்ட கழகத்தைப் பற்றியும் அந்த ஆங்கில வினையின் ஒரே செயப்பாட்டு வடிவத்தைத்தான் சொல்ல முடியும். 2006இல் நடுவர் நியமன ஊழல் விவகாரத்தில் இத்தாலியின் யுவென்டஸ் கழகம், பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தும், தீர்ப்பின் வழியே அந்நாட்டின் இரண்டாம் அடுக்கான சீரி பி-க்கு அனுப்பப்பட்டது. அது ‘அடுக்கிறக்கப்பட்டது’. வெஸ்ட் ஹாமோ ‘அடுக்கிறங்கியது’. யாரும் அதைத் தண்டிக்கவில்லை. இங்கிலாந்தில் 1898–99 முதல் விதியே தானாக இயங்கி இதைச் செய்துவருகிறது. அதற்கு முன்பு இரு நிலைகளின் கழகங்களுக்கிடையே தேர்வு ஆட்டங்கள் வைத்தார்கள். 1898இல் ஸ்டோக்கும் பர்ன்லியும், சமநிலையே இருவருக்கும் போதும் என்பதால், கோல் அடிக்க எண்ணமே இல்லாமல் 0–0 என்று ஆடி முடித்தபின் அந்த முறை கைவிடப்பட்டது. எனவே பட்டியல் வழியாக நேர்வதற்குத் தன்வினையையே பயன்படுத்துங்கள் என்பது என் வேண்டுகோள்.

அடுத்து ‘அச்சம்’. ஆங்கிலச் செய்தியாளர் அச்சம் என்று எழுதும் இடமெல்லாம் யாரோ அஞ்சுகிறார்கள் என்று பொருளில்லை. புள்ளிப் பட்டியல் காட்டும் வாய்ப்பையே பெரும்பாலும் சொல்கிறார்கள். அங்கே ‘அடுக்கிறங்கும் அபாயம்’ என்பதே சரி. ஆதரவாளர்களின் மனநிலையைச் சொல்லும் இடத்தில் அச்சம் இருக்கட்டும். தப்பித்தலுக்குத் ‘தக்கவைத்தல்’ போதும். தேர்தல் செய்திகளில் வைப்புத்தொகையைத் தக்கவைத்தார் என்கிறோமே, அதே தொனி: வெற்றி இல்லை, ஆனால் இழப்பும் இல்லை. அடுக்கைத் தக்கவைத்தால் மேலாளருக்குக் கிடைப்பது ‘தக்கவைப்பு ஊக்கத்தொகை’.

அன்புடன்.

மறுமொழி

ஐயா, வணக்கம்.

விளக்கம் நிறைவாக இருந்தது. இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன். அடுக்கு என்றதும் அடுக்குமாடியும் அடுக்குப் பாத்திரமும் நினைவுக்கு வரும் வாசகருக்கு ‘அடுக்கிறங்கியது’ என்பது முதல் பார்வையில் விளங்காது. அறியாத சொல்லைவிடக் குறையுள்ள பழகிய சொல் மேல் என்று நினைக்கிறேன்.

மற்றொன்று, ‘மேலாளர்’ என்ற சொல்லைத் தாங்கள் தொடவே இல்லை. கிரிக்கெட்டால் வளர்ந்த நம் வாசகருக்கு அணி மேலாளர் என்பவர் பயணத்தையும் தங்குமிடத்தையும் ஏற்பாடு செய்பவர். ஆட்டத்தைத் தீர்மானிப்பவர் பயிற்சியாளர். ‘கழகம் மேலாளரை நீக்கியது’ என்று படிப்பவர், அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பாரே? எல்லா இடத்திலும் ‘பயிற்சியாளர்’ என்று மாற்றிவிடலாமா?

மறுமொழி

அன்புள்ள அம்மையாருக்கு,

இரண்டாவது கேள்வி நியாயமானது. முதலில் அதைப் பார்ப்போம். மாற்றிவிடக் கூடாது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். மிக்கேல் ஆர்டேட்டா 2019 டிசம்பரில் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 2020 செப்டம்பரில் கழகம் அவருடைய பதவிப்பெயரை மேலாளர் என்று மாற்றியது. ஆள் அவரே, ஆனால் பொறுப்பு விரிந்தது: ஆட்டக்காரர்களை வாங்குவது விற்பது உள்ளிட்ட முடிவுகளிலும் அவருக்குக் குரல் உண்டு என்பதே அதன் பொருள். இரண்டையும் பயிற்சியாளர் என்று எழுதினால் அந்தச் செய்தியையே தமிழில் எழுத முடியாது. ஒப்பந்தம் எந்தப் பெயரைத் தருகிறதோ அதையே எழுதுவோம். முதல் முறை வரும்போது ‘பயிற்சிக்கும் அணித் தேர்வுக்கும் பொறுப்பான மேலாளர்’ என்று விரித்துவிட்டால் கிரிக்கெட் வாசகரின் குழப்பம் தீரும்.

ஒருவர் நீங்கி மற்றவர் வரும்வரை அணியைப் பார்த்துக்கொள்பவருக்குப் ‘பொறுப்பு மேலாளர்’ என்பது இயல்பாக அமைகிறது. பொறுப்புத் தலைமையாசிரியர் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பருவ முடிவு வரைக்கும் என்றே ஒப்பந்தம் செய்து அமர்த்தப்படுபவர் அவரல்லர். இப்படி அமர்த்தப்படுபவர் ‘குறுங்கால மேலாளர்’. இங்கிலாந்தின் லீட்ஸ் கழகம் 2023 மே மாதத்தில், நான்கு ஆட்டங்களே மிச்சமிருக்க, சாம் அலர்டைஸை அப்படித்தான் அமர்த்தியது. நான்கிலும் சேர்த்து ஒரு புள்ளியே கிடைத்தது, கழகம் அடுக்கிறங்கியது, அவரும் விலகினார். நீக்கப்பட்டவர் ஒப்பந்தம் முடியும்வரை ஊதியம் வாங்கிக்கொண்டு வேறு கழகத்தில் சேராமல் இருப்பதை ஆங்கிலத்தில் தோட்ட வேலைக்கு விடுப்பு என்பதுபோலச் சொல்வார்கள். தயவுசெய்து யாரும் ‘தோட்ட விடுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஊதியத்துடன் விலக்கிவைப்பு’ போதும்.

அடுக்கைப் பற்றித் தாங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். தலைப்பிலும் முதல் வரியிலும் ‘கீழ் அடுக்குக்குச் சென்றது’ என்று பிரித்து எழுதலாம். அதைப் படித்துவிட்டு வருபவருக்கு அடுத்த பத்தியில் ‘அடுக்கிறக்கம்’ புதிதாக இராது. பழகிய சொல் மேல் என்ற வாதத்தை மட்டும் ஏற்க இயலவில்லை: தரமிறக்கம் பழகியது நிதிச் செய்திகளில், இங்கே அன்று. கீழே போகும் கழகத்தின் வருவாய் பெருமளவு சரியும். அதனால் இதே செய்தியில் கடன் மதிப்பீடும் பேசப்படலாம். அப்போது எந்தத் தரம் எங்கே இறங்கியது என்று வாசகர் திணறுவார்.

கேட்டவரின் மறுமொழி

அனைவர்க்கும் நன்றி. ஒப்பந்தம் பற்றிய பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

“புதிய மேலாளரின் ஒப்பந்தம் பருவ முடிவு வரை மட்டுமே. கழகம் முதல் அடுக்கைத் தக்கவைத்தால் ஒப்பந்தம் தானாக மேலும் ஓராண்டுக்கு நீளும், ஊக்கத்தொகையும் உண்டு. கழகம் அடுக்கிறங்கினால் இருதரப்பும் இழப்பீடின்றி விலகிக்கொள்ள அடுக்கிறக்கக் கூறு இடமளிக்கிறது.”

‘பிரிவு’ என்பதற்குப் பதில் ‘கூறு’ என்று போட்டதால் மோதலே வரவில்லை. ஜெர்மனியின் அந்த 16ஆம் இட ஆட்டங்களுக்கு மட்டும் ‘தக்கவைப்பு ஆட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். கீழிருந்து ஏற வரும் கழகத்துக்கு அதில் தக்கவைக்க ஒன்றும் இல்லையே என்று உடன் பணிபுரிபவர் கேட்டுவிட்டார். அதற்கு ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள். அடுத்த செய்தி புண்டெஸ்லிகாவைப் பற்றியது.