கூத்துக்களத்தில் கைப்பேசி வேண்டாம் என்று ஊர் முடிவெடுக்கலாமா?

பாலாற்றங்கரையான்:
வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊரில் இவ்வாண்டு திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில், அர்ச்சுனன் வேடமிட்டவர் உயர்ந்த மரத்தில் ஏறித் தவம் செய்யும் அர்ச்சுனன் தபசு பார்த்தேன். தபசு மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறியப்பட்டபோது, பிள்ளை வரம் வேண்டி மடியேந்தி நின்ற பெண்களைத் தவிர ஏறக்குறைய அனைவரும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்ததால், காலடியில் உருண்ட பழத்தைக் குனிந்து எடுக்கவும் ஆளில்லை. இரவுக் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் ஊர்க்காரர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேலி செய்தார். அவரோ ரீல்ஸில் மூழ்கியிருந்தார். கூத்து முடியும்வரை களத்துக்குள் கைப்பேசியை எடுப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும்.

குடியாத்தம் வாசகி:
ஐயா, தங்கள் ஆதங்கம் புரிகிறது, தீர்மானம் பொருந்தவில்லை. பலர் ராணுவத்தில் பணிபுரியும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், எல்லையில் இருக்கும் கணவருக்கு மனைவி வீடியோ காலில் திருவிழாவைக் காட்டுவது உறவைக் கெடுப்பதா, காப்பதா? நாளெல்லாம் தனியே அமர்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு அந்தக் கருவியே பேச்சுத் துணை. பழைய திண்ணைப் பேச்சை ஏங்கி நினைப்பவர்கள், அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பாலாற்றங்கரையான்:
அம்மா, வீடியோ காலின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். அதை நான் குறை கூறவில்லை. முடிவே இல்லாமல் உருளும் திரையைத்தான் கூறுகிறேன். 2006-இல் அந்த முறையை வடிவமைத்த அமெரிக்கக் கணினி வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தியிருக்கிறார். பக்கம் முடிந்தால் மனிதன் நிமிர்ந்து பார்ப்பான் என்பதால் பக்கமே முடியாதபடி செய்துவிட்டார்கள். விடிய விடிய நடந்தாலும் கூத்து விடிந்ததும் முடிகிறது. இறுதிப் போர்க்களக் காட்சியான படுகளத்தில் துரியோதனன் வீழ்ந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்ததும் கதையும் முடிகிறது.

காட்பாடி ஆசிரியர்:
தடையால் பழக்கம் போகாது. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, பார்ப்பவர்கள் இடம் மாறினார்கள், அவ்வளவுதான். களத்தில் தடுத்தால் பையன்கள் பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். (அங்கே சிக்னலும் நன்றாகக் கிடைக்கும்.) வேடம் வெளிவரும்போது திரை பிடிக்கும் இரண்டு பேரைக் கவனித்துப் பாருங்கள்: கைப்பேசியைத் தொட அவர்களுக்குக் கையே இருக்காது. பின்பாட்டு, திரை, ஒப்பனைக்கு உதவி என்று இளைஞர்களுக்கு வேலை கொடுத்தால், பார்வையாளராக மட்டும் இருக்கும் சலிப்பு குறையும்.

குடியாத்தம் வாசகி:
ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எந்த இளைஞர்களுக்கு? காலனிப் பையனும் திரை பிடிக்கலாமா, அவன் தாயார் முன்வரிசையில் பாய் விரிக்கலாமா? இதற்கு விடை சொல்லாமல் மனித உறவை மீட்கிறோம் என்பது, எல்லோரும் ஒன்றாக இருந்திராத ஒரு காலத்தையே மீட்பதாகும். ஊர்க்கூட்டத்தில் முதலில் இதைப் பேசுங்கள், கைப்பேசியைப் பிறகு பார்க்கலாம்.

பாலாற்றங்கரையான்:
முன்வரிசைக் கேள்வியை நானே எழுப்புகிறேன், அம்மா. ஆனால் கைப்பேசியைப் ‘பிறகு’ என்று தள்ள இசையமாட்டேன். இரண்டும் ஒரே கூட்டத்தில் பேசப்படட்டும்.