குடும்பத்தோடு வெளியூர்: பெட்டி அடுக்கும் டென்ஷனை எப்படிக் குறைப்பது?

அல்லிக்குளம் கேட்டது:

அடுத்த வாரம் விமானத்தில் வெளியூர் போகிறோம், ஒரு வாரம் தங்கல். நான், கணவர், எட்டு வயது மகள், இரண்டு வயது மகன், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். பெட்டி அடுக்குவது முழுக்க என் பொறுப்பு. நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடுகிறது. படுத்த பிறகுதான் சார்ஜரை வைத்தேனா, அத்தையின் மருந்து எங்கே என்று மனம் ஓடும். பட்டியல் போட்டுப் பார்த்தாலும் அது நீண்டுகொண்டே போகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வழிப்போக்கன்:

முதலில் துணியைக் குறையுங்கள். தங்குமிடத்தில் துவைக்க வசதி இருந்தால் ஒரு வாரத்துக்கு நான்கு நாள் உடை போதும். எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, வெறும் கையோடு ஒரு முறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கொத்து:

அல்லிக்குளம், பட்டியலை இரண்டாக உடைத்துவிடுங்கள். இன்றைக்கே பெட்டிக்குள் போட்டு மூடிவிடக்கூடியவை ஒரு தாளில். வீட்டைப் பூட்டும் நிமிடம்வரை பயன்பாட்டில் இருப்பவை இன்னொரு தாளில்: பல் துலக்கும் பிரஷ், மூக்குக் கண்ணாடி, போன் சார்ஜர், ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின், பையன் கட்டிப்பிடித்துத் தூங்கும் போர்வை. ராத்திரியில் உங்களை எழுப்புவது எல்லாம் இந்த இரண்டாவது வகைதான், கவனித்துப் பாருங்கள். முன்கூட்டியே எடுத்து வைக்க முடியாது என்பதால் மனம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டாவது தாளை வாசல் கதவின் உட்புறம், கண் மட்டத்தில் ஒட்டிவிடுங்கள். போனில் வேண்டாம். கிளம்பும் நேரத்தில் போன் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கிளம்பும்போது மகள் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் பொருளைக் கையால் தொட்டுவிட்டு "இருக்கு" என்று சொல்லுங்கள். "வைத்த ஞாபகம்" என்ற பதிலை ஏற்கவே கூடாது. எங்கள் வீட்டில் இதில் நான் ரொம்பக் கறார்.

குட்டிப் பையனுக்கு ஒரு யோசனை. ஒரு சட்டை, ஒரு டவுசர், ஒரு டயப்பர், மூன்றையும் சேர்த்துச் சுருட்டி ஒரு ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். இப்படி இரண்டு மூன்று கவர் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் சட்டையை நனைத்துக்கொண்டால் பையைக் குடைய வேண்டாம், ஒரு கவரை உருவினால் போதும். ஈரத் துணி அதே கவருக்குள் போய்விடும்.

பெரிய பெட்டி இரண்டு என்றால், ஆளுக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொருவருடைய உடையிலும் ஒரு செட் மற்ற பெட்டியில் இருக்கட்டும். ஒரு பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் ஏதாவது இருக்கும்.

அல்லிக்குளம்:

இரண்டு தாள் யோசனை நிஜமாகவே மனசுக்குப் பட்டது, நன்றி. இன்சுலினைப் பெட்டியில் வைக்கலாமா? இன்னொன்று, கணவரிடம் உதவி கேட்டால் "என்ன எடுக்கணும்னு சொல்லு, எடுத்து வைக்கிறேன்" என்கிறார். யோசிக்கும் வேலை அப்படியே என்னிடம் திரும்பி வந்துவிடுகிறது.

சாவிக்கொத்து:

இன்சுலின் கைப்பையில்தான், மருந்துச் சீட்டோடு. சரக்குப் பகுதியில் போகும் பெட்டியில் அது உறைந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு முறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. குளிர்ப்பையில் வைத்தாலும் ஐஸ் பேக் நேரடியாகப் படாமல் ஒரு துணியைச் சுற்றுங்கள். திறந்து பயன்பாட்டில் இருப்பது, பெரும்பாலான வகைகளில், அதிகச் சூடு படாமல் பார்த்துக்கொண்டால் அறை வெப்பத்திலேயே 4 வாரம் வரை தாங்கும். அத்தையின் மருந்துக்கு எத்தனை நாள் என்று அதன் டப்பாவில் இருக்கும் தாளில் பார்த்துவிடுங்கள்.

கணவர் விஷயம்தான் முக்கியம். பொருளைச் சொல்லாதீர்கள், ஒரு பகுதியையே ஒப்படைத்துவிடுங்கள். டிக்கெட், அடையாள அட்டைகள், சார்ஜர்கள், பவர் பேங்க் எல்லாம் அவருடையது. என்னென்ன வேண்டும் என்று யோசிப்பதும் அவரே, உங்கள் தாளில் அந்த வரிகளே இருக்கக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், அதில் சேமிக்கும் மின்சாரம் 100 வாட் மணிக்குள் (Wh) இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை என்பதை மட்டும் காதில் போட்டுவையுங்கள். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட் மணிதான்.

மகளுக்கும் ஒரு பை கொடுங்கள். நாள்வாரியாக உடைகளைக் கட்டிலில் பரப்பி வைக்கட்டும், மூடும் முன் நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும். எட்டு வயதில் அழகாகச் செய்வார்கள். அவள் தேர்ந்தெடுத்த சட்டை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றாதீர்கள், அப்புறம் அந்த வேலை மறுபடியும் உங்களுடையதாகிவிடும்.

மழைக்கால மேகம்:

ஷாம்பு கசிவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல் குறையும். பாட்டிலில் மிச்சமிருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகுங்கள். கைப்பையில் எடுத்துப் போவதானால், பல விமான நிலையங்களில் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தைப் பாலுக்கும் மருந்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு, சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

அல்லிக்குளம்:

இரண்டாவது தாளைக் கதவில் ஒட்டியாயிற்று, இப்போதைக்கு ஒன்பது வரி. சார்ஜர் வரியை அடித்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அடையாள அட்டைகளைத் தேட ஆரம்பித்திருக்கிறார்.