வடிவத்தை விளக்கும் குறிப்பேடு இல்லாத பழைய அறிவியல் பதிவுகளைப் பிரித்துப் படிக்க

மூலக் கோப்பை நகலெடுத்துப் பூட்டிவிட்டு, நகலை ஹெக்ஸ் எடிட்டரில் (ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் மென்பொருள்) திறந்து, முதலில் ஒரு பதிவின் நீளத்தைத் தேடுங்கள். துளை அட்டையிலிருந்து வந்தது பெரும்பாலும் 80 பைட். கோப்பின் அளவு 80ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் பைனரியாக எழுதியிருந்தால் ஒவ்வொரு பதிவின் முன்னும் பின்னும் அதன் நீளமே, வழக்கமாக 4 பைட்டில், நிற்கும். எடிட்டரின் வரி அகலத்தை அந்த நீளத்துக்கு (ஃபோர்ட்ரான் பைனரி என்றால் முன்னும் பின்னும் உள்ள 4 பைட்டுகளையும் சேர்த்து) மாற்றியதும் நிலைய எண், ஆண்டு, மாதம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். வரிக்கு வரி சாய்ந்துகொண்டே போனால் நீளம் தப்பு.

40 40 40 என்று வரிசையாக வந்தால் அது எப்சிடிக் (பழைய ஐபிஎம் கணினிகளின் எழுத்துக் குறியீடு) இடைவெளி; வழக்கமான ஆஸ்கி எழுத்துக் குறியீட்டில் அது 20. எப்சிடிக்தான் என்று தெரிந்ததும் கோப்பு முழுவதையும் ஆஸ்கிக்கு மாற்றிவிடாதீர்கள். நடுவில் பைனரி எண்கள் இருந்தால் அவை சிதைந்துபோகும். எழுத்துப் புலங்களை, அதாவது பதிவில் எழுத்து உள்ள பகுதிகளை, மட்டும் மாற்றுங்கள்.

* * *

தசம எண்களில் இன்னும் கவனம் வேண்டும். தப்பாகப் படித்தாலும் நம்பும்படியான எண்ணே வரும், அதுதான் ஆபத்து. 41 10 00 00 என்பது பழைய ஐபிஎம் வடிவில் 1.0, இன்றைய கணினிகளின் ஐஇஇஇ முறையில் படித்தால் 9.0. வாக்ஸ் என்ற பழைய கணினியில் 1.0 என்பது 80 40 00 00. இரண்டிரண்டு பைட்டாக இடம் மாற்றி ஐஇஇஇ-யாகப் படித்தால் 4.0 வரும். எல்லா அளவீடும் சரியாக 4 மடங்காக இருந்தால் வாக்ஸைச் சந்தேகியுங்கள்.

* * *

வானிலை அட்டைகளில் எண்ணின் கடைசி இலக்கம் எழுத்தாக இருந்தால் அது பிழையல்ல, கழித்தல் குறி. ஜே முதல் ஆர் வரை −1 முதல் −9. பூஜ்யத்துக்கு மூடும் நெளிவு அடைப்பு. பத்தில் ஒரு பாகையில் பதிந்த புலத்தில் ‘04கே’ என்றால் −4.2. எழுத்து வந்த வரிகளைப் பிழை என்று நிரல் ஒதுக்கினால் உறைநிலைக்குக் கீழான அளவுகள் மட்டும் காணாமல் போய், குளிர்கால சராசரி ஏறிவிடும்.

அழுத்தத்தில் முன் இலக்கத்தை விட்டு எழுதும் வழக்கம் உண்டு: 0132 என்றால் 1013.2, 9987 என்றால் 998.7 ஹெக்டோபாஸ்கல். ஆகவே 9999 ‘அளவீடு இல்லை’ என்பதாகவும் இருக்கலாம், மெய்யான 999.9 ஆகவும் இருக்கலாம். முன்பின் நேரங்களின் அழுத்தத்தைப் பார்க்காமல் அதை அழிக்க வேண்டாம்.

வெற்றிடமும் இப்படித்தான். பழைய ஃபோர்ட்ரான் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு இலக்கப் புலத்தில் 7-க்குப் பின் ஒரு வெற்றிடம் இருந்தால் 70. அச்சில் வந்த அட்டவணையில் ஒரே ஒரு நாள் கிடைத்தாலும் போதும், 7-ஆ 70-ஆ என்று ஒப்பிட்டுத் தீர்த்துவிடலாம்.