கப்ரீயோவின் பயணப் பாதை: யாராவது உதவ முடியுமா?

வணக்கம். 1542-இல் ஸ்பெயினுக்காகக் கலிஃபோர்னியா கரையோரமாகக் கப்பல் ஓட்டிய ஹுவான் ரொட்ரீகெஸ் கப்ரீயோவின் பாதையை வரைபடமாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 27-இல் மெக்சிகோவின் நவிதாத் துறையிலிருந்து கிளம்பியவர், செப்டம்பர் 28-இல் ஒரு நல்ல துறைமுகத்தை அடைந்து 'சான் மிகேல்' என்று பெயர் வைத்தார். இன்றைய சான் டியாகோ அதுதான். ஆனால் பயணக்குறிப்பு அதை வட அட்சரேகை 34 டிகிரிக்கு மேலே வைக்கிறது. உண்மையில் 33-ஐக்கூடத் தொடாது! எல்லா அளவிலும் பிழை இதே அளவுதானா? எவ்வளவு கழிப்பது? போதாததற்கு, 60 வருடம் கழித்து வந்த ஸ்பானியக் கடலோடி விஸ்கைனோ பல பெயர்களை மாற்றிவிட்டார். (மனிதருக்கு என்ன கோபமோ.)

அப்புறம் 'படகுகளின் ஊர்'. அந்தக் கரையோரப் பழங்குடியினரான சுமாஷ் மக்களின் படகுகளைப் பார்த்து வைத்த பெயர். அது அதே கரையில் இன்று வென்சுரா இருக்கும் இடமா, முகூ இருக்கும் இடமா? 1543 ஜனவரி 3-இல் கப்ரீயோ இறந்தது எந்தத் தீவில்? சான் மிகேல் தீவு (மேலே சொன்ன துறைமுகம் அல்ல) என்கிறார்கள், சாண்டா கத்தலீனா என்கிறார்கள்.

பழைய ஸ்பானிஷ் படிக்கத் தெரிந்தவர்கள், அக்காலத்து அட்சரேகைக் கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சுமாஷ் மக்கள் தரப்பு எழுத்து ஏதாவது கிடைத்தாலும் சரி, ரொம்ப உதவியாக இருக்கும்.